சாலோமி கேட்ட பாம்புப் போத்தல்கள்

ஸ்ரீவைகுண்டம்,
1913 நவம்பர் 18.

மாத்தளைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் என் அருமை மகள் சாலோமிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாளும் சரீரத்தில் சுகமாயிருக்கிறோம், நீயும் மருமகனும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். மனதுக்குத்தான் சுகமில்லை. உன் வகுப்புக்கு என் பாம்புப் போத்தல்களை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். அனுப்ப மாட்டேன் அம்மா, மூன்றையும் உடைத்துப் புதைத்துவிட்டேன். வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் எலியேசரின் மகள் பியூலாவை உனக்கு நினைவிருக்கும், ஆறு வயது, என் வகுப்பில்தான் படித்தாள். போன மாதம் அவளைப் பறிகொடுத்தோம்.

சாரை எலியைத் தின்னும், தண்ணீர்ப் பாம்பு தவளையைத் தின்னும், வீணாய் அடிக்காதீர்கள், கட்டுவிரியனுக்கு மட்டும் விலகிப் போங்கள் என்று, ஸ்பிரிட்டில் போட்டிருந்த செத்த பாம்புகளைப் போத்தலோடு காட்டித்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். நீ இங்கிருந்தபோது அந்த விரியன் கன்னங்கரேலென்று இருந்தது. ஊறி ஊறி இப்போது வெளுத்துப் போயிருந்ததை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, படித்த மடையன். மழை விட்ட அன்று காலையில், விறகுக் குவியலில் கிடந்த பாம்பைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குக் காட்ட வந்தாள். "பயப்படாதீங்க ஐயா, இது விரியன் இல்ல. போத்தல்ல உள்ளது வெளுப்புல்லா, இது கருப்பா மினுங்குது" என்றாள். தட்டிவிட்டுப் பார்த்தால் மணிக்கட்டில் இரண்டு புள்ளி. வீக்கமில்லை, வலிக்கவே இல்லை என்று சிரித்தாள். வண்டி கட்டிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு விரட்டினோம். செய்துங்கநல்லூர் தாண்டும்போது இமை தூக்க முடியவில்லை, நாக்குக் குழறியது, பிறகு என் மடியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து எலியேசர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அம்புட்டுச் சொல்லியும் கேக்காமப் போயிட்டாளே ஐயா, எம் பிள்ளை" என்று அழுதான். என் போத்தலைப் பார்த்துத்தான் ஏமாந்தாள் என்பதை அவனிடம் மறைத்துவிட்டேன். ஊரும் அப்படியே பேசுகிறது, அடங்காத பிள்ளை என்று. ஒரு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ உன் பிள்ளைகளுக்குப் பாம்பு சட்டை உரிப்பதையும் நாக்கை நீட்டி மோப்பம் பிடிப்பதையும் தாராளமாகச் சொல். ஆனால் எந்த நிறமானாலும், செத்துக் கிடந்தாலும், தொடக்கூடாது என்பதை முதலில் சொல். மறக்காதே. தோட்டத்தில் குளிர் அதிகமாமே, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே என்று அம்மாள் சொல்லச் சொன்னாள். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. இதை மடித்துத் தபாலில் சேர்த்துவிட்டு எலியேசர் வீட்டுக்குப் போகிறேன். அவன் மகள் நான் சொன்ன சொல்லை ஒன்றுவிடாமல் கேட்டாள் என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

உன் அப்பா,
ஞானையா.