கடிகாரத்துக்கு ஒரு நம்பர்

பாப்பாவின் அம்மாவுக்கு, நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

திங்கட்கிழமை குளிர்க்கிடங்குக் கதவு வெளியே பூட்டிக்கொண்டதில், உள்ளே மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் மீன் பெட்டிகளுக்குக் காவல் இருந்தேன். கதவைத் திறந்த லாரி டிரைவர், "என்னண்ணே, உங்களையும் ஏத்தணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எழுத்து கோணலாக இருக்கிறதா? என் கையெழுத்தே இப்படித்தான் என்று வைத்துக்கொள்.

ஆபத்தென்றால் தானே போன் போடும் கைக்கடிகாரத்தை, மாதச் சந்தாவோடு, கடையில் பார்த்தேன். "உங்களுக்கு வேண்டியவங்க நம்பர் ஒண்ணு சொல்லுங்க" என்றார் கடைக்காரர். எனக்கு உன் நம்பர்தான் தெரியும். அது அடித்தால் அவ்வளவு தூரத்தில் நீ தனியாக என்ன செய்வாய்? பயந்துபோய் வாங்காமல் வந்துவிட்டேன்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கடிகாரத்திலிருந்து போன் அடித்தால் அழாமல் எடுப்பேன் என்று ஒரு வரி எழுது, வாங்கிவிடுகிறேன்.

பாப்பாவின் அப்பா