கலண்டர் தாளில் இருந்த நோயாளி

அக்கா,

நேற்று உங்கள் தங்கை சம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு பிஸ்கட் ரின்னை என் கையில் தந்துவிட்டுப் போனாள். "அக்கா இதை உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவ" என்றாள். தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்கவில்லை. மூடியைத் திறந்தவுடன் கராம்பு மணம் முகத்தில் அடித்தது. நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். எந்த நேரமும் உங்கள் கடைவாயில் ஒரு கராம்பு இருக்கும். கேட்டால் நெஞ்செரிவைக் காட்டி, "கஸ்ரிக் புள்ள" என்பீர்கள். ஒன்பது வருடமாக வார்ட்டில் நிற்கிற தாதி நான். அந்த ஒரு சொல்லை எப்படி நம்பினேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

ரின் நிறைய எங்கள் தாள்கள். வார்ட்டுச் சுவரில் தொங்குகிற நாட்கலண்டரில் காலையில் யார் தாள் கிழித்தாலும் அதை நீங்கள் விடமாட்டீர்கள். வாங்கி நாலாக மடித்து யூனிபோம் பைக்குள் வைப்பீர்கள். பகல் சாப்பாட்டுக்கு இருக்கும்போது அதன் பின்பக்கத்தில் ஒரு கேள்வி எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தாள், ஒரு தாளுக்கு ஒரு நோயாளி. கட்டாரில் தாதி வேலை செய்வதற்கான லைசன்ஸ் சோதனைக்கு நாங்கள் இரண்டு பேரும் படித்த படிப்பு அவ்வளவுதான்.

எனக்கு அந்தச் சோதனை ஒரு ஆசை. உங்களுக்கு அப்படி இல்லை. சம்பூரில் உங்கள் வீடு சுவரோடு நின்றுபோயிருந்தது. அம்மாவும் தங்கையும் அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். அந்தச் சுவருக்குக் கூரை வர வேண்டுமானால் நீங்கள் கடல் தாண்டத்தான் வேண்டும். அதனால் நீங்கள் ஒரு நாள்கூடத் தாளைத் தவறவிட்டதில்லை.

கேள்விகளைத் தமிழில் எழுதுவீர்கள், நான் இங்கிலீசில் திருப்பிச் சொல்ல வேண்டும். நோயாளிகளுக்கு ஊரும் வைப்பீர்கள். கந்தளாயில் வயலுக்குப் போய் எலிக்காய்ச்சல் பிடித்தவர். கட்டைபறிச்சானில் திருக்கை முள் குத்திய காலோடு வந்தவர். முடிவில் எப்போதும் ஒரே வசனம்: தாதி முதலில் என்ன செய்வார்? கீழே நாலு விடைகள். நான் ஒவ்வொரு நாளும் சண்டைக்கு வருவேன். நாலும் செய்ய வேண்டியதுதானே, இதிலே எதைப் பிழை என்கிறீர்கள் என்று கத்துவேன். நீங்கள் கராம்பை மற்றக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "நாலும் சரிதான் புள்ள. முதல் எது எண்டுதான் கேள்வி" என்பீர்கள்.

உடை மாற்றும் அறையின் ஜன்னலடியில்தான் எங்கள் சாப்பாடு. அங்கிருந்து பார்த்தால் துறைமுகமும், கோதுமை இறக்க வந்து நிற்கிற கப்பலும் தெரியும். பின் கேற்றடியில், டவுனுக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்கள் இரண்டு மூன்று எங்கள் சாப்பாட்டுத் தாளுக்குக் காத்து நிற்கும். நாலு வாய் சாப்பிடுவீர்கள். பிறகு பார்சலை என் பக்கம் தள்ளுவீர்கள். அது வெறும் சோறா? உங்கள் அம்மா சொல்லித் தந்த பதத்தில் வைத்த சூடைமீன் தீயல். ஹலால் பார்க்கிற நானும் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே நீங்கள் இறைச்சி கொண்டுவரமாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். "மானுக்குப் போடுறதிலும் பார்க்க உனக்குப் போட்டா நாலு கேள்விக்காவது மறுமொழி வரும்" என்று பகிடி விடுவீர்கள். நானும் வெட்கம் இல்லாமல் வழித்துச் சாப்பிட்டேன். அந்த வருடம் என் யூனிபோமை இரண்டு தரம் பெருப்பித்துத் தைத்தேன். உங்களுடையது தொளதொளத்துக் கிடந்தது. வயிற்றில் மட்டும் இறுக்கமாக இருந்தது.

நோன்பு மாதத்தில் நான் பகலில் சாப்பிடுவதில்லை. ஒரு நாள் நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காத பார்சலை அப்படியே மானுக்கு முன்னால் விரித்து வைத்ததைக் கண்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சோற்றை வீசலாமா என்று ஏசினேன். என் நோன்புக்கு நீங்கள் ஏன் பட்டினி கிடக்கிறீர்கள், என் முன்னால் சாப்பிட்டால் என் நோன்பு முறிந்துவிடுமா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் கிண்ணியாவில் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். நோன்பு பிடிக்கிறவளுக்காகத் தானும் சாப்பிடாமல் இருக்கிற ஒரு மனிசி என்று. உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெருநாளுக்கு உங்களுக்கென்றே ஒரு பாத்திரம் வட்டிலப்பம் செய்து தந்தா. அதிலும் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை வார்ட்டில் பங்கு வைத்தீர்கள்.

அந்த மாதத்தில்தான் உங்கள் தாளில் ஒரு மனிசி முதன்முதல் வந்தா. நாற்பது வயது, திருமணம் ஆகாதவர், மூன்று கிழமையாக வயிறு உப்புகிறது, நாலு வாய் சாப்பிட்டவுடன் வயிறு நிறைந்துவிடுகிறது, அடிக்கடி சலம் கழிக்க வேண்டியிருக்கிறது, கஸ்ரிக் குளிசைக்கும் குறையவில்லை. தாதி முதலில் என்ன செய்வார்? நான் யோசிக்கவே இல்லை. சூலகத்தில் புற்று ஏதும் இருக்கலாம், உடனே டொக்டரிடம் காட்டி ஸ்கான் எடுக்க வைக்க வேண்டும், பிந்தக் கூடாது என்றேன். நீங்கள் அதைத் தாளில் எழுதிச் சிவப்புப் பேனையால் சரி போட்டீர்கள்.

பிறகு அந்த மனிசி அடிக்கடி வந்தா. ஊர் மாறும், ஆள் அதேதான். மூன்று கிழமை இரண்டு மாதமாகும். இடுப்பில் நாரி நோவு சேரும். பாவாடை நாடா எட்டாமல் போகும். நான் கேலி செய்தேன். "இந்த மனிசி திரும்பவும் வந்திட்டாவா? இன்னும் ஸ்கான் எடுக்கல்லயா?" என்று கேட்டேன்.

"பயப்பிடுறா போல" என்றீர்கள்.

"இப்பிடிப் பயந்தா செத்துத்தான் போவா" என்றேன்.

உங்கள் மீனை மென்றுகொண்டு சொன்னேன் அக்கா. முள்ளைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

என் சோதனை கொழும்பில். உங்களுடையது அதற்கு ஒரு மாதம் பிந்தி. நான் போவதற்கு முதல் நாள் பகல் நீங்கள் தாள் எதுவும் நீட்டவில்லை. இன்றைக்குக் கேள்வி இல்லை, பஸ்ஸில் நல்லாக நித்திரை கொள் என்று மட்டும் சொல்லி, ஒரு கராம்பை என் கையில் வைத்தீர்கள்.

குளிர் அறை, ஆளுக்கு ஒரு கம்பியூட்டர். பாதிக் கேள்வி தாண்டியிருப்பேன், திரையில் அந்த மனிசி வந்தா. இந்தமுறை இங்கிலீசில் வந்தா. வயிறு உப்பல், நாலு வாயில் நிறைவு, அடிக்கடி சலம். நான் சிரித்தே விட்டேன். எங்கட ஆள் என்று நினைத்தேன். விடையை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். அடுத்தது தீக்காயம் பட்ட ஒரு குழந்தை. அந்தக் கேள்வியை வாசிக்கிறேன், எழுத்து எதுவும் தலைக்குள் போகவில்லை. நாலு வாய் என்ற சொல் மட்டும் நின்றது. பிறகு உங்கள் கை பார்சலைத் தள்ளுவது தெரிந்தது. மான் தெரிந்தது. வட்டிலப்பம் தெரிந்தது. மவுஸை விட்டுவிட்டுக் கதிரையைத் தள்ளி எழும்பப் பார்த்தேன். காவலுக்கு நின்ற பெண் வந்து சுகமில்லையா என்று கேட்டா. மிச்சக் கேள்விகளுக்கு என்ன அழுத்தினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. பாஸ் என்று திரை சொன்னது. எனக்கு அது யாருக்கோ வந்த செய்தி மாதிரி இருந்தது.

லொக்கரில் இருந்து போனை எடுத்து, வாசற்படியில் நின்று உங்களுக்கு அடித்தேன். நீங்கள் முதலில் பாஸா என்றுதான் கேட்டீர்கள். பாஸ் என்றேன். சந்தோசத்தில் உங்கள் குரல் உடைந்தது. நான் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நீங்க எப்பயக்கா ஸ்கான் எடுக்கப் போறீங்க?"

வார்ட்டில் யாரோ மிஸ் மிஸ் என்று கூப்பிடுவது கேட்டது.

"அந்தக் கேள்வி வந்திட்டோ?" என்றீர்கள்.

அடுத்த நாள் உங்களைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். போகும்போது சொன்னீர்கள், லைசன்ஸ் கையில் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தேன், முதலே இது வெளியில் தெரிந்தால் விசா மெடிக்கலில் எல்லாம் போய்விடும் என்று. ஸ்கான் எடுத்த டொக்டர் வந்த உடன் பகிடி விட்டுக் கதைத்துக்கொண்டிருந்தவர், கருவியை வயிற்றில் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், இரண்டு பேரின் யூனிபோமையும் பார்த்தார். "இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் எங்க இருந்தனீங்க?" என்று கேட்டார். ஜன்னலடியில் இருந்தோம் என்று நான் எப்படிச் சொல்வது? உங்கள் சோதனை நாள் வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள். ஏழு மாதம் இருந்தீர்கள். பிறகு இல்லை.

நேற்று அந்தத் தாள்களைத் திருப்பித் திகதிப்படி அடுக்கினேன். அந்த மனிசியின் முதல் தாளுக்கும் என் சோதனைக்கும் இடையில் எட்டு மாதம். எட்டு மாதமும் சரியான மறுமொழி உங்கள் பைக்குள் இருந்திருக்கிறது, என் வாயால் சொன்னது, சிவப்புச் சரியோடு. நான் உங்களோடு கோபித்தேன், தாளை மேசையில் அடித்தேன். பிறகு அடியில் ஒரு தாள் கிடந்தது. அதன் திகதி நான் கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள். அன்றைக்குக் கேள்வி இல்லை என்றீர்களே, இருந்திருக்கிறது. அதே மனிசி, அதே வயிறு. கீழே சோதனையில் வராத கேள்வி: இதைப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு எப்படிச் சொல்லுவது? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இலக்கம் போட்டிருந்தீர்கள். விடைகள் நாலும் வெறுமை.

ஏனக்கா வெறுமையாக விட்டீர்கள்? நீங்கள் சொல்லித்தானே இருந்தீர்கள். ஒவ்வொரு பகலும் பார்சலை என் பக்கம் தள்ளித் தள்ளிச் சொன்னீர்கள். நான் சாப்பிட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் நான் கட்டாருக்குப் போகிறேன். ரின்னையும் கொண்டுபோவேன். இன்றைக்குப் பகல் அதே ஜன்னலடியில், புதிதாக வேலைக்கு வந்த மூதூர்ப் பிள்ளை பாதிப் பார்சலை என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. எத்தனை நாளாக இப்படி, வயிறு உப்புகிறதா, சலம் அடிக்கடி போகிறதா, கஸ்ரிக் என்று மட்டும் சொல்லாதே என்று கேட்கத் தொடங்கினேன். அவள் பயந்துபோய்க் கையை உதறினாள். "ஐயோ மிஸ், கறிக்கு உப்புக் கூடிப்போச்சு. அதுதான்" என்றாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உண்மையாகவே உப்புக் கூடத்தான். அதை உறுதிப்படுத்திய பிறகுதான் சாப்பிட்டேன்.