ஒட்டாத இரண்டு வட்டங்கள்

செகெட், மார்ச் 3

அன்பு மகள் எமெஷெவுக்கு அம்மா எழுதுவது.

உனக்கும் மருமகப்பிள்ளைக்கும் உடம்பு சுகந்தானே, வெலிங்டனில் இந்த வாரம் நிலம் ஆடாமல் இருக்கிறதா? இங்கே எனக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர குறையில்லை, அப்பாவும் போன வாரத்திலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார். போன வாரத்திலிருந்து என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் நீ கூப்பிட்டபோது அப்பா இரண்டு வார்த்தை பேசிவிட்டு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாரே, லைனுக்கு ஒரு கேடும் இல்லை, அவருக்குத்தான் மனசு சரியில்லை. என்னம்மா ஆச்சு என்று நீ கேட்டதற்கு நானும் மழுப்பிவிட்டேன். அவர் காதில் விழும்படி சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. இப்போது சொல்லலாம்.

காலண்டரில் என் பெயர் போட்டிருக்கும் பெயர்நாளன்று, ஜனவரி பதினெட்டு, நான் கசகசா ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தால் அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். மிஷ்கோல்ட்ஸிலிருந்து ஷரோல்டா என்ற பள்ளிக்கூட டீச்சர் எழுதியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அப்பா அச்சிட்ட கட்டுரையைப் பற்றியது, உனக்கும் அந்தக் கட்டுரை தெரியும், அதை வைத்துத்தானே நீ பிறந்த வருஷம் அவரைப் பல்கலைக்கழக வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு சதுரத்துக்குள் ஒரே அளவான முப்பத்தொரு வட்டங்களை இப்படி அடைத்தால் எந்த வட்டமும் இம்மிகூட அசையாது என்று நிரூபித்தது. அந்த அம்மாள் ரொம்பப் பணிவாகத்தான் எழுதியிருந்தாள், பதினோராம் பக்கத்துப் படத்தில் ஏழாம் வட்டமும் எட்டாம் வட்டமும் ஒட்டுகின்றன என்கிறீர்கள், நான் கணக்குப் போட்டால் ஒட்டவில்லை, மயிரிழை இடைவெளி வருகிறது, அப்படியானால் எட்டாம் வட்டம் ஆடும், என் கணக்கில் தப்பிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள் என்று. அப்பா நான்கு நாள் போட்டுப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி.

நேரம் பார்த்தாயா, மே மாதம் புடாபெஸ்டில் அவருக்கு அந்தப் பெரிய பரிசு கொடுப்பதாக அறிவித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பரிசுக் குறிப்பில் முதல் வரியே அந்தக் கட்டுரைதான். வேண்டாம் என்று எழுதப் போகிறேன் என்றார், ஆனால் எழுதவும் இல்லை. காபிக் கடைக்குப் போவதை விட்டார், மீன் சூப்பைத் தொடவில்லை, அவருடைய மற்ற நிரூபணங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து சோதிக்க ஆரம்பித்துவிட்டார். முப்பத்திரண்டு வயதிலேயே எனக்குப் புத்தி கெட்டிருக்கிறது பிரோஷ்கா, இன்னும் எத்தனை ஓட்டையோ என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது எமெஷெ, உண்மையாகவே பயந்தேன்.

இந்த மனிதர் மற்றவர்களிடம் எவ்வளவு கறாராக இருந்தவர் என்று யோசித்துப் பார். மாகோவில் செருப்புத் தைத்த உன் தாத்தாவுடைய தோலில் எட்டு வயதில் செருப்படி வெட்டும் அளவு அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கி, ஒரு ஜோடி கூடுதலாக வெட்டலாம் என்று சொல்லி அறை வாங்கியவர், அடுத்த வாரம் அந்தத் தாத்தாவே டேய் வெண்டெல், வந்து அடுக்குடா என்று கூப்பிட்டாராம். நிறையக் கணக்குப் போட்டு அனுப்பியதற்காகப் பள்ளிக்கூடக் கணக்குப் பத்திரிகையில் காது இரண்டும் விடைத்துக்கொண்டு அவர் படம் வந்திருக்கிறதே, அது எங்கள் கல்யாணப் படத்தைவிட நன்றாக இருக்கும். ஐம்பத்தாறு புரட்சியில் பெரியப்பா எல்லை தாண்டி ஓடிப் போனதால் அரசாங்கம் இவருக்குப் பெரிய வேலை எதுவும் தரவில்லை, கட்டுரை வரும்வரை பள்ளிக்கூட வாத்தியாராகத்தான் கிடந்தார். என்னைப் பெண் கேட்டு வந்த கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன், இருந்தாலும் சொல்கிறேன், இப்போது அதற்கு வேலை இருக்கிறது. என் அப்பா ஜாம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர், அகலத்தில் ஐந்து, நீளத்தில் எட்டு, நாற்பது பாட்டில் பெட்டி. வெண்டெல் வந்து உட்கார்ந்தவர் பெண்ணைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்தார், எல்லாப் பாட்டிலையும் வெளியே எடுத்தார், வரிசைக்கு ஐந்து, அடுத்த வரிசை பள்ளத்தில் நான்கு, மறுபடி ஐந்து என்று அடுக்கினார், நாற்பத்தொன்றாவது பாட்டிலும் உள்ளே போய்விட்டது. பொண்ணைக் கேக்க வந்தியா, பெட்டியைக் கேக்க வந்தியா என்றார் என் அப்பா. அதற்கப்புறமும் பெட்டி ஓரத்தில் அரை விரல் இடம் மிச்சம். மாப்பிள்ளை அதைக் காட்டி, கண்ணுக்குத் தெரியுதுன்னு நம்பாதீங்க மாமா, கணக்குச் சொல்லுதுன்னு நம்புங்க என்றார். அப்படிப்பட்டவர் ஏழும் எட்டும் ஒட்டுகிறது என்று எப்படி எழுதினார்? இந்தக் கேள்வி என்னைக் குடைய ஆரம்பித்தது. உனக்கே தெரியும், எனக்கு ஒன்று குடைந்தால் விடமாட்டேன்.

கேட்டால் எரிந்து விழுந்தார். சரி என்று நானே கட்டுரையை எடுத்தேன். நாற்பத்தாறு வருஷமாக அவர் கட்டுரைக்கெல்லாம் மை போட்டுப் படம் வரைந்தவள் நான், ஒரு தடவையாவது இது எதற்கு என்று கேட்டிருக்கிறேனா, இல்லை. இப்போது எழுபத்து நான்கு வயதில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தேன், பாதி புரியவில்லை, பதினோராம் பக்கம் புரிந்தது. படத்தில் காண்பதுபோல் ஏழும் எட்டும் ஒட்டுகின்றன என்று இருந்தது. படத்தில் காண்பதுபோல்! அந்தப் படத்தை வரைந்தது யார்? நான்தான். அலமாரி மேலே இருக்கிற பெட்டியை இறக்கி (ஏணி ஏறினேன், திட்டாதே) அப்பாவுடைய பழைய பென்சில் தாள்களைத் தேடினேன், தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பென்சிலில் இடைவெளி இருந்தது. மயிரிழைதான், ஆனால் இருந்தது. நான் மை போட்டதில் இல்லை.

நான் வேலை பார்த்த ஆற்றுக்கரை வரைபட ஆபீசில் இது சட்டம் மாதிரி. இரண்டு கோடு ஒட்டினால் ஒட்ட வேண்டும், விலகினால் பேனா அகலத்துக்காவது விலக வேண்டும், கிட்டத்தட்ட என்று ஒன்று கிடையாது, அப்படி வரைந்தால் மேற்பார்வையாளர் தாளை முகத்தில் விட்டெறிவார். பென்சில் பிடித்த கை நடுங்கிவிட்டது என்று நினைத்து நான் அழகாகச் சேர்த்துவிட்டிருக்கிறேன். அப்பா என் படத்தைப் பார்த்துக் கட்டுரையை முடித்திருக்கிறார்.

இரண்டு நாள் சொல்லவில்லை. சொன்னால் என்னை மன்னிப்பாரா என்று பயம், ஆனால் சொல்லாவிட்டால் அவர் தன்னையே தின்றுகொண்டிருப்பாரே என்பது அதைவிட என்னைத் தின்றது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு தாளையும் பூதக்கண்ணாடியையும் அவர் காபிக்குப் பக்கத்தில் வைத்தேன். உங்க புத்தி கெடல, என் பேனாதான் கெடுத்துச்சு என்றேன், அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார் எமெஷெ, ஐந்து வாரத்துக்கப்புறம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. “நீ தப்பு பண்ணல பிரோஷ்கா, உன் வேலையச் சுத்தமாச் செஞ்ச. உங்கப்பாகிட்ட அத்தனை வாய் பேசிட்டு, நான்தான் படத்த நம்பினேன்” என்றார். அன்று மத்தியானமே பரிசுக் குழுவுக்கும் கட்டுரையை அச்சிட்ட பத்திரிகைக்கும் கடிதம் போய்விட்டது, என்ன தப்பு, கண்டுபிடித்தது யார் என்று எல்லாம் எழுதி. ஷரோல்டாவுக்கும் நன்றி எழுதினார், திருத்தத்தில் அவள் பெயர் அவர் பெயருக்கு முன்னால் வரும். குழுவிடமிருந்து இன்னும் பதில் இல்லை. பரிசு வந்தாலும் வராவிட்டாலும் இனி அவர் தட்டில் மிச்சம் வைக்கமாட்டார், எனக்கு அது போதும். அந்த எட்டாம் வட்டம் ஆடினால் என்னென்ன ஆகும் என்று இப்போது தினமும் எனக்கும் சொல்லித் தொலைக்கிறார், நானும் கேட்கிறேன், சுவாரசியமாகத்தான் இருக்கிறது.

திருத்தத்துக்குப் புதுப் படம் வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. என் கை நடுங்குகிறது என்றேன், நடுங்கட்டும், நேரம் எடுத்துக்கோ என்றார். நாலு நாள் ஆனது, மூன்று தாள் வீண். முடித்துக் கொடுத்ததும் நான் கீழே வைத்த பேனாவை எடுத்து மறுபடி என் கையில் கொடுத்தார். இருநூறு படமாவது வரைந்திருப்பேன், ஒன்றிலும் என் பெயர் கிடையாது, கேட்கவும் தோன்றியதில்லை. “தப்பான படத்துக்கு நான் பேர் வாங்கிட்டேன். சரியான படத்துக்கு நீ போடு” என்றார்.

புத்தக அலமாரியைச் சுவரோடு திருகி வைக்கச் சொன்னேனே, செய்தாயா? மருமகப்பிள்ளைக்கு மிளகாய்த்தூள் தனியாக அனுப்புகிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, இந்தத் தடவை அப்பா வைக்கமாட்டார், நீதான் வைக்க வேண்டியிருக்கும். படத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் பார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று நினைத்துவிடாதே, அளந்துதான் விட்டிருக்கிறேன்.

உன் அம்மா,
பிரோஷ்கா
(படத்தின் கீழேயும் அதே கையெழுத்துதான்)