ஊருக்கெல்லாம் வாங்க, சிநேகிதனுக்கு மட்டும் இல்லை

சிங்காநல்லூர்
4-8-96

அன்புக் கண்ணு கயல்விழிக்கு அம்மா எழுதறது. மாரியாத்தா புண்ணியத்துல நானும் அப்பாவும் ஒரு நோவு நொடியில்லாம நடமாடிக்கிட்டு இருக்கறோம், அங்க டில்லியில நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமா இருக்கோணும். குழந்தைக்குச் சளி உட்டுதா? நைட் டூட்டி முடிச்சு வந்து வெறும் வயித்தோட படுத்துக்காதே அம்மணி. இந்தத் தடவை நல்ல சேதியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், ஆனா உங்கப்பா மேல இருக்கற ஆத்திரத்துல கையே ஓடமாட்டேங்குது.

முதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன், பதறாதே. மில்லை மூடினப்புறம் அப்பாவுக்கு வேற மில்லுல மேஸ்திரி வேலை கெடைச்சுதுன்னு எழுதினேனல்ல, அது அவரு எழுதச் சொன்ன பொய்யி. டவுன்ல ஒரு பெரிய ஜவுளிக்கடையில வேலை. தலைப்பாகை கட்டி, மீசையை முறுக்கி உட்டு, வாசல்ல நின்னு, வர்ற சனத்தையெல்லாம் கும்பிட்டு வாங்க வாங்கன்னு கூப்பிடோணும். அதுல என்ன கேவலம், திருடவா போனாரு? எனக்குத் தெரியலை, அவருக்குத்தான் தெரியுது.

போன வாரம் அந்தக் கடைக்கு மாரப்பண்ணன் குடும்பத்தோட போயிருக்கறாரு, மகன் ரூபன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க. இருபது வருசம் உங்கப்பாகூட ஒரே ஷிப்டுல நின்ன மனுசன், நீ பொறந்தப்ப எனக்கு ஆஸ்பத்திரிக்குச் சோறு சுமந்தவரு. அவரைக் கண்டதும் உங்கப்பா தலைப்பாகையை நெத்திக்குக் கீழ இழுத்து உட்டுக்கிட்டுத் தூணைப் பார்த்துத் திரும்பி நின்னுபோட்டாராம். முன்னால போனவங்களுக்கு வாங்க, பின்னால வந்தவங்களுக்கு வாங்க, நடுவுல நின்ன சிநேகிதனுக்கு ஒரு வார்த்தை இல்லை. இப்படியும் ஒரு ஆம்பளை!

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மாரப்பண்ணன் ஊட்டுக்காரங்க அவிநாசியில இருந்து வந்து நம்ம வீதி பூராவும் பத்திரிக்கை வெச்சவங்க, நம்ம ஊட்டை மட்டும் தாண்டிப் போயிட்டாங்க. பின்னாலயே ஓடி, பஸ் ஸ்டாண்டுல அண்ணன் சம்சாரம் பூவாத்தாக்கா கையைப் பிடிச்சு, நாங்க என்ன குத்தம் பண்ணினோம்னு கேட்டேன். அது அழுதுகிட்டே சொல்லுது, மாரப்பண்ணன் அப்பாவைப் பார்த்ததுமே கண்டுக்கிட்டாராம். செருப்பைத் தேய்க்கற மாதிரி வாசல்லயே நின்னு நின்னு பார்த்திருக்கறாரு. எதிரிகூட வாசலுக்கு வந்தா வாங்கன்னு கேக்கற ஊரு நம்ம ஊரு, இவன் என்னைக் கேக்கலை, இனி அவன் ஊட்டுப் படி ஏறமாட்டேன்னு சொல்லிப்போட்டாராம். வேலையைப் பத்தி ஒரு பேச்சும் இல்லை. அந்தத் தலைப்பாகை அண்ணனுக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு பூவாத்தாக்கா வேற சொல்லுது. எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியலை.

ஊட்டுக்கு வந்து ஒரு பாட்டம் சண்டை போட்டேன். அதுக்கு உங்கப்பா என்ன சொல்றாருங்கறே? மாரப்பனுக்குத் தெரிஞ்சா ரூபனுக்குத் தெரிஞ்சுருமாம், ரூபன் உன் ஆஸ்பத்திரியிலயே லேப்ல இருக்கறவன், அவன் வந்து உன்கிட்டச் சொல்லிருவானாம். எம்புள்ளை நாலு பேருகிட்ட எங்கப்பா மேஸ்திரின்னு சொல்லிக்கிட்டு இருப்பா, அவளைத் தலை குனிய வெக்கறதான்னு கேக்கறாரு. அடக் கடவுளே! அவிநாசிக்குப் போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்கன்னா மாட்டேங்கறாரு. மூணு வேளையும் சோத்தைப் பெசைஞ்சு பெசைஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுர்றாரு. எனக்கென்னமோ ரெண்டு பேரு மண்டையையும் புடிச்சு முட்டோணும்னு வருது.

ஆவணியில கல்யாணம். அதுக்குள்ள நீ ஒரு லெட்டர் போடு, எனக்கு வேண்டாம், அப்பா பேருக்கே போடு. நாள் பூரா கடை வாசல்ல நிக்கறீங்களே, கால் வலிக்குதுங்களாப்பான்னு முதல் வரியிலயே கேட்டுப்போடு. பொய் சொன்னதைப் பத்தி ஒண்ணும் கேக்காதே. உனக்கே தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் யாருக்கு ஒளிவாரு?

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நூறு வயசு நல்லா இருக்கோணும், ஆத்தா துணையிருப்பா. குளிர் வர்றதுக்குள்ள குழந்தைக்கு ஸ்வெட்டர் வாங்கிப்போடு. லெட்டரைத் தள்ளிப்போடாதே கண்ணு. வந்தா நான் பிரிக்கமாட்டேன், அவரு கையில குடுத்துப்போட்டு அடுப்படிக்குப் போயிருவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பழனியாத்தாள்