மச்சான் அறுத்துவிட்ட விரால்

பாசமுள்ள மச்சானுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுகிறேன். அக்காவிடம் சொல்லாதே என்று நீங்கள் சொல்லியிருந்ததை நேற்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோனதிலிருந்து அவள் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. பழங்காநத்தத்தில் எதிர்வீட்டுக்கு டி.வி. வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே அங்கே உட்கார்ந்திருக்கும்போது இவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடக்கிறாள். அதனால்தான் சொன்னேன்.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூணாறில் தொடங்கினேன். நீங்கள் எஸ்டேட்டில் லாரி ஓட்டிய காலம். அங்கே ஒரு வெள்ளைக்கார மானேஜர் ஓடைக்குள் நின்றுகொண்டு, புழுவே இல்லாமல், இறகு கட்டிய சின்னத் தூண்டில் முள்ளை வீசி ட்ரவுட் மீன் பிடித்ததைப் பார்த்தீர்களே, அது. அவர் பிறந்தது கடலுக்கு நடுவே ஒரு தீவு, அந்தத் தீவுக்குள் ஆள் நடமாட்டமில்லாத ஏரிகள், அவற்றில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த பழுப்பு மீன்கள் என்று அவர் சொன்னதை, நேரில் பார்த்தவர் போல நீங்கள் எனக்குச் சொல்வீர்கள். ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய தூண்டில் கோலையும் நூல் சுற்றும் ராட்டையையும் உங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

"அந்த மீனு, எறக பூச்சின்னு நெனச்சுக் கடிக்குது மாப்ள. நம்ம ஊரு விரால் மட்டும் கடிக்காதா?"

நாகமலைக்கு மேற்கே உள்ள பெரிய கண்மாயில் நீங்கள் முதன்முதலாக வீசியபோது, கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் "அண்ணே, கொக்கு வெரட்டுறீகளா?" என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த நூல் உங்கள் தலைக்கு மேலே பின்னால் போய் நீண்டு, காற்றில் ஒரு கணம் நின்று, பிறகு முன்னால் விரிந்துபோய் இறகைத் தண்ணீர்மேல் சத்தமில்லாமல் வைத்ததே, அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. சிம்மக்கல்லில் நாள் முழுக்க இரும்புச் சாமான் நிறுத்துப் போடுகிறவன் நான். ஒரு பொருள் இவ்வளவு மெதுவாகக் கீழே இறங்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

கண்மாய்க்கு நடுவே கருவேல மரங்கள் நிற்கும் அந்தத் திட்டைச் சுற்றித்தான் உங்கள் விரால் இருந்தது. மூச்சு வாங்க அது மேலே வரும்போது 'களக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கறுப்பு முதுகு மட்டும் தெரியும், ஆள் தொடை மொத்தத்தில். இரண்டு மழைக்காலம் அதன் பின்னாலேயே அலைந்தீர்கள். உங்கள் இறகை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பிறகு அந்த ஐப்பசி. லாரி டியூபின் மேல் பலகையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாம் இருவரும் திட்டுக்குப் போனோம். மேலே எங்கோ பெய்த மழைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக மதியத்துக்கு மேல் கண்மாய்க்குள் புகுந்தது. செந்தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டு சுருங்கியது. டியூபைக் கட்டியிருந்த வேர் மண்ணோடு பெயர்ந்துகொண்டு போனது. நல்லவேளை, கொஞ்ச தூரத்தில் முங்கிக் கிடந்த ஒரு கருவேலங்கிளையில் டியூப் சிக்கி ஆடிக்கொண்டு நின்றது. எந்த நிமிஷமும் விடுபட்டுப் போகலாம்.

எனக்கு நீச்சல் தெரியாது. உங்களுக்குத் தெரியும். "நீங்க நீந்திப் போயிருங்க மச்சான்" என்றேன்.

"முள்ளு மரத்துக்குள்ள இந்த இழுப்புல எவன் நீந்துவான்? பேசாம நில்லு" என்று சொல்லிவிட்டுக் கோலை எடுத்தீர்கள். முழங்கால் தண்ணீரில் நின்று டியூபை நோக்கி வீசினீர்கள். முதல் வீச்சு டியூபுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. நீங்கள் இழுக்கத் தொடங்கவும், தண்ணீர் வெடித்தது.

அதேதான், மச்சான். அதே விரால். இறகைக் கவ்விக்கொண்டு முழு உடம்போடு மேலே எழும்பியது. செந்தண்ணீர் சொட்ட, வயிற்றின் வெள்ளையும் பக்கவாட்டின் வரிகளும் தெரிய, அது ஆகாயத்தில் தொங்கியதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எனக்குச் சாவு பயமே ஒரு கணம் மறந்துபோனது. கண்மாய்க்குள் இப்படி ஒன்று இத்தனை நாளாக வாழ்ந்திருக்கிறது, நாம்தான் கரையில் நின்று வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கோல் வில்லாக வளைந்தது. ராட்டை அலறியது. நீங்கள் ஒரு தடவை டியூபைப் பார்த்தீர்கள். ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். குனிந்து, நூலைப் பல்லில் வைத்துக் கடித்து அறுத்தீர்கள்.

அந்த நேரத்தில் உங்களுக்குக் கொஞ்சமாவது தயக்கம் இருந்ததா? கடைசிவரை நான் கேட்கவே இல்லை.

சட்டைப் பையில் இன்னொரு முள் இருந்தது. அதைக் கட்டி மறுபடி வீசினீர்கள். நூல் டியூபுக்கு மேலே போய்ப் படிந்தது, முள் பலகைக் கயிற்றில் கொக்கி போட்டது. அந்த மெல்லிய நூலில் அத்தனை பெரிய டியூபை, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எடுப்பது போல, கிளையைவிட்டுக் கழற்றி நம் பக்கம் கொண்டுவந்தீர்கள். அதில் ஏறிக் கரை சேர்ந்ததும் நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நீங்களோ திரும்பிக் கண்மாயையே பார்த்துக்கொண்டு, "அது மூஞ்சியப் பாத்தியா மாப்ள? எம்புட்டு அழகு!" என்றீர்கள். காளவாசலில் டீ குடிக்கும்போதும் அதே பேச்சுதான். தப்பித்ததைப் பற்றி, "ஒங்க அக்காகிட்டச் சொல்லிராத" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை.

இதையெல்லாம் கேட்ட அக்கா உங்கள் தூண்டில் கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கண்மாய்க்குப் போயிட்டு வெறுங்கையோட வந்தாருன்னு அன்னைக்கு அந்த மனுசன அம்புட்டு வஞ்சேனேடா. வாயத் தெறக்கலையே" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். காமாலையில் நீங்கள் போன அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை, மச்சான். மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்: "வார ஞாயித்துக்கெழம நானும் வாரேன். அந்த எடத்த எனக்குக் காட்டுவியா?"

மொட்டைமாடியில் தினமும் உங்கள் கோலை வீசிப் பார்க்கிறேன். இறகு பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் போய் மாட்டுகிறது. அக்கா கீழே இருந்து, "கைய ஒசத்துடா" என்கிறாள், ஏதோ தெரிந்தவள் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், இது சத்தியம். மீன் கடிக்கிறதோ இல்லையோ, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம்.

உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
என்றைக்கும் உங்கள் மாப்பிள்ளை.