கெம்மண்டைன் கொல்லையில் ஒரு மோரிஸ்

ரங்கூன், கெம்மண்டைன்
20 ஜூன் 1965

அன்புள்ள நண்பன் செல்லையாவுக்கு செபாஸ்டியன் எழுதுவது.

மாதாவின் தயவில் நானும் தெரேசாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் தைலம்மாளும் குழந்தை அம்சவேணியும் அந்த மதராஸ் வெயிலைத் தாங்கிக்கொண்டு நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறோம்.

வியாசர்பாடியிலிருந்து நீ போட்ட கடிதம் பத்தொன்பது நாள் கழித்து வந்து சேர்ந்தது. யாரோ பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள். நீ சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதை வாசித்ததும் தெரேசா கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பதினெட்டு வருஷம் ரயில் எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவன் நீ. ஆனாலும் வேலை கிடைத்ததே, அதுவரைக்கும் நல்லது.

நம் மோரிஸ் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி எழுதியிருக்கிறாய். அது நடக்காது. இனி அந்தப் பேச்சை எடுக்காதே.

வண்டி இப்போது எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. லத்தா பேட்டையில் காகித வியாபாரியின் கிடங்குக்குப் பின்னால் நாம் வைத்திருந்த கொட்டகையை மே மாதக் கடைசியில் சர்க்கார் எடுத்துக்கொண்டது. மூன்று நாள் தவணை கொடுத்தார்கள். ஒரு லாரிக்காரரைப் பிடித்து, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். பிரேக்கை நீ கழற்றிப் பெட்டியில் போட்டு வைத்தது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு சந்திப்பிலும் காலால் மிதித்தேன். பின்னால் ஐந்து பேர் இன்னொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து வண்டியை நிறுத்தினார்கள். வாசலில் நின்று பார்த்த தெரேசா, "நல்ல வேளை, கோயிலுக்கு எதிர்ல போகல. ஃபாதர் பாத்திருந்தா இந்த ஞாயித்துக்கெழம பிரசங்கமே உங்களப் பத்தித்தான் இருந்திருக்கும்" என்றாள்.

இங்கே கூரை கிடையாது. மழை பிடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ரங்கூன் மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் வரைக்கும் இந்த வண்டி வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். ஏழரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ வண்டிக்கு அடியில் படுத்திருப்பாய். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து உனக்குத் தமிழில் சொல்லுவேன். ஸ்பானரின் எந்தப் பக்கத்தைப் பிடிக்க வேண்டுமென்றுகூட எனக்குத் தெரியாது என்று நீ சிரிப்பாய். இப்போது அந்தப் புத்தகமும் நானும்தான் மிச்சம்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. சிலீப்பர் கட்டைகளை அடுக்கி வண்டியை மேலே தூக்கி வைத்தேன். சக்கரங்களைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டேன். அவை தெரேசாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ரேடியேட்டரில் இருந்த தண்ணீரை இறக்கினேன். புகைக்குழாயில் எலி புகாமல் துணி அடைத்தேன். பிளக்குகளைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஊற்றினேன். பிறகு பெரிய தார்ப்பாய் ஒன்றைத் தேடிப் பிடித்து, காற்றுக்கூட நுழையாதபடி வண்டி முழுக்க இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். சொட்டுத் தண்ணீர் போகாது.

உன்னிடம் சொல்ல வேண்டிய வேறொரு விஷயமும் இருக்கிறது. நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டியது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாளா? அங்கே தமிழிலேயே பாடம் நடக்குமாமே. பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளை, கொஞ்ச நாள் திணறுவாள். அடிக்க வேண்டாம் என்று தைலம்மாளிடம் சொல்.

உங்கள் மூவருக்கும் எல்லா நன்மையும் வேண்டும்
செபாஸ்டியன்


கெம்மண்டைன்
29 ஆகஸ்ட் 1965

அன்புள்ள செல்லையாவுக்கு,

நலம். நாங்கள் இருவரும் இருமலோடு நலம். உன் இரண்டாவது, மூன்றாவது கடிதங்கள் வந்தன. இரண்டும் மிகவும் மரியாதையாக இருந்தன. "தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது" என்று எழுதியிருந்தாய். என்றைக்குடா நான் உனக்குத் தாங்கள் ஆனேன்?

வண்டி விஷயத்தில் தவறு செய்துவிட்டேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜூலை இரண்டாவது வாரம் முழுக்க மழை விடவேயில்லை. அது ஓய்ந்த ஒரு காலையில் தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்தேன். வெளியிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை. ஆனால் உள்ளேயே வேர்த்து, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீ தைத்த ஆசன உறை மேலே பூனை ரோமம் போலப் பச்சையாகப் பூஞ்சணம். கதவு மூலைகளில் துரு. சமையலுக்கு மூடி வைத்த சட்டி மாதிரி ஆக்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு உ ஓன் மவுங்கை உனக்கு ஞாபகம் இருக்கும். துறைமுகத்தில் படகு கட்டியவர். வேலி வழியாக எட்டிப் பார்த்து, "ஸயா, மழைக்காலத்துல படகை யாராவது பாயில சுருட்டி வெப்பாங்களா? அது மூச்சு விட வேண்டாமா?" என்று கேட்டார். நான் குமாஸ்தா என்பதால் என்னை மரியாதையாக ஸயா என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் அவரே மூங்கில் கொண்டு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து நான்கு கால் நட்டு, டனிப் பனை ஓலை வேய்ந்து, நாலு பக்கமும் திறப்பாக ஒரு கூரை போட்டோம். கொட்டுகிற மழையில் போட்டோம். இப்போது வண்டி ஈரமாகிறது, காய்கிறது, மறுபடி ஈரமாகிறது. ஆனால் அழுகவில்லை. வாரம் இரண்டு முறை கதவுகளைத் திறந்து வைத்துத் துரு பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து கிரீஸ் பூசுகிறேன்.

இரண்டாவது தவறு பெரியது. எஞ்சினை வாரம் ஒரு முறை ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டுமென்று புத்தகம் சொல்கிறது. தார்ப்பாயை அவிழ்க்கச் சோம்பல்பட்டு ஐந்து வாரம் விட்டுவிட்டேன். பிறகு சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன். அசையவில்லை. ஜூன் மாதம் பிளக் துவாரத்தில் எண்ணெய் ஊற்றினேன் என்று எழுதினேன் அல்லவா? எஞ்சின் எண்ணெய் அப்போது எங்கும் கிடைக்கவில்லை. தெரேசாவின் சமையலறையிலிருந்து நல்லெண்ணெய் எடுத்து ஊற்றினேன். அது உள்ளே பிசினாகிவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று நீதான் சொல்ல வேண்டும். புத்தகத்தில் நல்லெண்ணெய் பற்றி ஒன்றும் இல்லை.

இனி, சொல்ல வேண்டிய விஷயம்.

கூரை போட்ட அன்று சாயங்காலம் நான் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். தெரேசா தலை துவட்டிவிட்டபடி, "போனவரே வேணாங்கறாரு. எதுக்கு இப்படி உசிர விடுறீங்க?" என்று கேட்டாள். ஆறு வருஷமாக அவளிடம்கூடச் சொல்லாததை அப்போது சொன்னேன்.

செல்லையா, உன் பர்மியக் குடியுரிமை விண்ணப்பம் மேலே போகவே இல்லை. "மேலே கிடக்கிறது, வந்துவிடும்" என்று நான் உன்னிடம் சொன்னது பொய். 1959இல் நம் இரண்டு பேருடைய விண்ணப்பத்தையும் நான்தான் பூர்த்தி செய்தேன். என்னுடையது சரியாக இருந்தது, கொடுத்துவிட்டேன். உன்னுடையதில் ஒரு சாட்சிக் கையெழுத்து குறைந்தது. அடுத்த வாரம் வாங்கிவிடலாம் என்று மேஜை இழுப்பறையில் வைத்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று போயிற்று. நீ கேட்கும்போதெல்லாம் வெட்கப்பட்டு ஒரு பொய் சொன்னேன். பிறகு கெடு முடிந்துவிட்டது. சென்ற வருஷம் குடியுரிமைக் காகிதம் இல்லாதவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்களே, நம் ரயில்வே அலுவலகத்தில் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். உன் பெயர் இருபத்திரண்டாவது. நீ கப்பல் ஏறும்போது என் தோளைத் தட்டி, "நீ ஒன்னால ஆனத செஞ்ச செபாஸ்டி, நம்ம நேரம் அப்படி" என்றாய்.

இதைக் கேட்டதும் தெரேசா ஈரத் துண்டை என் தோளிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காப்பியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "வண்டிய எத்தன தொடச்சாலும் இது தொடச்சுப் போகாது. அவருக்கே எழுதிருங்க" என்றாள். அதற்குப் பிறகும் ஆறு வாரம் கடத்தினேன். இன்று எழுதிவிட்டேன்.

நீ பதில் போடாவிட்டாலும் வண்டியை விடமாட்டேன். ஒரு பொறுப்பை இழுப்பறையில் போட்டது போதும்.

தைலம்மாளின் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆண்டவர் உங்களைக் காப்பாற்றட்டும்.

செபாஸ்டியன்


கெம்மண்டைன்
7 நவம்பர் 1965

என் செல்லையாவுக்கு,

உன் கடிதம் தடிஞ்சுட் விளக்குத் திருவிழாவுக்கு முதல் நாள் வந்தது. அதற்கு முன்னால் தினமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டு வாசலுக்குப் போய்த் திரும்புவேன். உறை கனமாக இருந்தது. பிரிக்கக் கை வரவில்லை. தெரேசாதான் பிரித்தாள். முதல் வரியை வாசித்தாள்: "எந்த மடையன்டா எஞ்சினுக்கு நல்லெண்ணெய் ஊத்துவான்? அது என்ன, தோசைக்கல்லா?"

வாசித்துவிட்டு அவள் சிரித்தாள். நான் அழுதேன். இரண்டு பக்கம் முழுக்கத் திட்டியிருந்தாய். ஒரு இடத்தில்கூடத் தாங்கள் இல்லை.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். பழைய எண்ணெயைத் துணி விட்டு ஒற்றி எடுத்தேன். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் சரிபாதி கலந்து ஊற்றினேன். எஞ்சின் எண்ணெய் உன் பழைய ரயில்வே தொழிற்சாலை ஆட்கள் கொடுத்தது. உன் பெயரைச் சொன்னேன், உடனே ஒரு டின் எடுத்து வைத்தார்கள். பத்து நாள் ஊற விட்டேன். இறங்க இறங்க ஊற்றினேன். ஹாண்டிலைத் தொடவே கூடாது என்று நீ அடிக்கோடு போட்டிருந்தாய். தொடவில்லை.

பதினோராம் நாள் பின்சக்கரங்களை மாட்டி, டாப் கியரில் போட்டோம். இரண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாக அசைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, ஒன்றை உ ஓன் மவுங் பிடித்தார், ஒன்றைத் தெரேசா பிடித்தாள். நான் முன்னால் எஞ்சின் விசிறி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னே ஒரு விரல் அளவு, பின்னே ஒரு விரல் அளவு அசைத்தார்கள். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தெரேசாவின் கை சிவந்துவிட்டது. போதும் என்றேன். "நீங்க சும்மா விசிறியப் பாருங்க" என்றாள். அவள் அதைச் சொன்னபோது விசிறி ஒரு நெல் அகலம் நகர்ந்தது. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் ஓடிவிட்டது.

அதற்குப் பிறகு பத்து நாள் வேலை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். உன் பிரேக்குகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினேன். மூன்று தடவை தப்பாக மாட்டி நான்காவது தடவை சரியாக மாட்டினேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஒரு டாக்சிக்காரரிடம் பாட்டரி இரவல் வாங்கி, ஹாண்டிலைச் சுற்றினேன். ஏழாவது சுற்றில் இருமியது. ஒன்பதாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. கொல்லை முழுக்க நீலப் புகை. நல்லெண்ணெய் வாசனைதான் முதலில் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். நான்கு நிமிஷம் ஓடி நின்றது. மறுபடி சுற்றினேன், மறுபடி ஓடியது. இந்த மழையை நம் வண்டி தாண்டிவிட்டது, செல்லையா.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். உன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, எல்லாத் தவறும் என்னுடையது என்று ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு, குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை படித்தார். "போனவர்கள் போனவர்கள்தான், ஸயா. இதைக் கொடுப்பதால் உமக்குத்தான் கெடுதல்" என்றார், கோபமில்லாமல். வாங்கிக்கொள்ளுங்கள் என்று நின்றேன். முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். ரசீது எண் 417. செய்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. பெரிய குமாஸ்தா கூப்பிட்டு, மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். தெரேசாவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். சனிக்கிழமை தோறும் அங்கே போய் என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்றும் எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் கடிதத்தில் அந்த விண்ணப்ப விஷயம் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உறைக்குள்ளும் பார்த்தேன். எழுத மனசு வரவில்லையா, எழுதிக் கிழித்துப் போட்டாயா, தெரியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். எண்ணெய்க்காக என்னை இரண்டு பக்கம் திட்டினாய். இதற்கும் திட்டி எழுது. பத்துப் பக்கமானாலும் எழுது. தைலம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் சொல்வதையும் சேர்த்து எழுது. ஒன்றையும் விடாமல் வாசிப்பேன்.

அம்சவேணி பெரிய படிப்புப் படித்து நல்லபடியாக வாழ வேண்டும். அங்கே அவளுக்கு வேண்டிய எல்லாக் காகிதத்தையும் நீயே உன் கையால் கொண்டுபோய்க் கொடு. யாரிடமும் கொடுத்து வைக்காதே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
செபாஸ்டியன்