பெரிய டிரம்மின் சத்தம்

என் பெரியவளே,

அப்பா கண்ணை மூடிப் பதினேழு நாளாகிறது. நீ ஏன் வரவில்லை என்று கேட்க இதை எழுதவில்லை.

நேற்று அவருடைய இசைக்குழுவின் கிட்டார்க்காரர் அப்பாவின் டிரம் செட்டை எடுத்துப்போக வந்தார். காலால் மிதித்து அடிப்பாரே, அந்தப் பெரிய டிரம்மை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். "ஒம்பது வருஷமா இதோட சத்தம் இப்படித்தான் அமுங்கிக் கெடக்கு அண்ணி. கேட்டா, 'உன் வேலையப் பாருடா'ம்பாரு" என்றார். அப்பாவுக்குக் கால் ஓய்ந்துவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன்.

முன்பக்கத்துத் தோலைக் கழற்றினோம். உள்ளே உன் பள்ளிக்கூட நீல ஸ்வெட்டர். நாலாக மடித்து, நகராமல் இருக்க டேப் ஒட்டி வைத்திருந்தார்.

பாட்டில்லாமல் பல்கூட விளக்காத மனுஷன், உன்னையும் சின்னவளையும் மடியில் வைத்துக்கொண்டே தாளம் பழகியவர், ஒன்பது வருஷத்துக்கு முன் நீ வீட்டை விட்டுப் போன அன்று மட்டும் கத்தினார்: "அவ சாமான் ஒண்ணும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

கத்தியது அவர்தான். ஆனால் மறுபேச்சுப் பேசாமல் உன் துணிமணி, புத்தகம், போட்டோ வரைக்கும் மூட்டை கட்டிக் கொடுத்தது நான். யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து கையை உதறினார். அந்த மூட்டையை எந்த இடத்தில் பிரித்தாரோ, தெரியாது.

கிட்டார்க்காரர் ஸ்வெட்டரை என்னிடம் நீட்டினார். வாங்கக் கை வரவில்லை. "இருந்த எடத்துலயே வச்சிருங்க" என்றேன். டிரம்மையும் கொடுக்கவில்லை.

நீயே வந்து எடுத்துக்கொள். உனக்கென்று எடுத்துக் கொடுக்க இந்த வீட்டில் நான் வேறு எதையும் விட்டுவைக்கவில்லை.

அம்மா